அக்காவுக்கு நான் சேலை கட்டிய காலை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓவியத்தில் மனிதர்களுக்குத் துணி உடுத்திவிடுவதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. (இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.) அந்த நம்பிக்கையை வளர்க்க எனக்கு முழுதாக ஒரு வருடம் ஆனது. அதைக் கவிழ்க்க ஓர் ஏணியும் ஒரு பேனாக்கத்தியும் என் சின்ன மாமாவும் போதுமாக இருந்தார்கள்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள் நான். அப்பா கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அம்மா மலையில் கொழுந்து வெட்டுகிறவள். அக்கா சுமதி பிரிஞ்சாங்கில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். நான் படிப்பை முடித்துவிட்டு, ஹோட்டலில் கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு, வீட்டு மூலையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கதைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் கதாபாத்திரங்கள் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். அப்பா அதைச் சுருக்கமாக, "பொம்மை போட்டுக்கிட்டு இருக்கா" என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

என் ஆரம்பகாலக் கதாபாத்திரங்கள் எல்லோரும் தரையைத் தொடும் அங்கி போட்டிருப்பார்கள். வீரனுக்கும் அங்கி, திருடனுக்கும் அங்கி, மீன் விற்கிறவளுக்கும் அங்கி. எனக்குக் கால் வரைய வராது என்பதுதான் காரணம். விரலும் வராது, அதனால் எல்லோரையும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். மிச்ச இடத்தை வார்களாலும் பக்கிள்களாலும் நிரப்புவேன். ஒரு இளவரசிக்கு இடுப்பிலிருந்து கழுத்து வரை பதினேழு பக்கிள் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா உற்றுப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ள அவசரமா பாத்ரூம் போவணும்னா என்னாடி செய்யும்?"

கலை புரியாத குடும்பத்தில் பிறந்துவிட்டோமே என்று அன்று மனம் நொந்து போனேன்.

பிறகு இணையத்தில் ஒரு வாத்தியார் அகப்பட்டார். அவர் சொன்ன மந்திரம் ஒன்றுதான்: முதலில் உடம்பு, அப்புறம் உடுப்பு. உடம்பைச் சாம்பல் நிறப் பொம்மையாக, மூட்டுக்கு மூட்டு ஒரு வட்டம் போட்டு வரைய வேண்டும். அதன் மேல் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி இன்னோர் அடுக்கு, அதில் துணி. அதற்கும் மேலே மூன்றாவது அடுக்கு, அதில் நகை, கடிகாரம், மூக்குக்கண்ணாடி, மாலை, தலைப்பாகை எல்லாம். இந்த அடுக்குக்கு லேயர் என்று பெயர். வேண்டும்போது ஒரு லேயரை மறைத்துக்கொள்ளலாம், மறுபடி காட்டலாம். துணி எந்த இடத்தில் தொங்குகிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும் என்றும் சொன்னார். நான் அதைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

பயிற்சிக்குப் பஞ்சமில்லை. எங்கள் மலையில் பனி இறங்கினால் துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும், ஆகவே கொடியில் கிடந்த சட்டைகள் அசையாமல் எனக்கு மாடலாக நின்றன. அம்மா வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளும் ரப்பர் பூட்ஸுமாக வாசலுக்கு வந்தால், "அப்படியே நில்லும்மா, அந்த மடிப்பு கலைஞ்சிடும்" என்று நிறுத்தி வைப்பேன். "காலுல அட்டை ஏறுதுடி" என்பாள். "ஏறட்டும், நீ முட்டிய மடக்காத" என்பேன். பெற்ற தாயிடம் இப்படிப் பேசியவளுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் நியாயம்தான்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தினேஷ் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்று என் சுவரெல்லாம் ஒட்டியிருந்த படங்களை ஒரு பரீட்சைத் தாள் திருத்துவது போல வரிசையாகப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் சரிம்மா. வேலைக்கு என்ன செய்யிறே?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"கலா, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேலை ஒண்ணு காலியா இருக்கு. மேனேஜர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அக்கா கல்யாணம் வரைக்கும் டைம். அதுக்குள்ள உன் படத்தால நாலு பேர் பாத்து நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி ஒண்ணு நடக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை ஆபீஸ் போயிடணும். சரியா?"

"சரிப்பா. கல்யாணப் பேனர நானே போடுறேன். மண்டப வாசல்ல ஆள் உயரத்துக்கு அக்காவும் தினேஷ் மாமாவும் நிப்பாங்க. டீச்சரே கேப்பாங்க பாருங்க, யாரு வரைஞ்சதுன்னு."

(டீச்சர் கேட்கத்தான் செய்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.)

மூன்று வாரம் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தினேன். அக்காவின் கூறைச் சேலைக்கு ஒவ்வொரு மடிப்பாகக் கொசுவம் வைத்தேன். சரிகையில் மாங்காய் மாங்காயாகப் போட்டேன். தினேஷ் மாமாவின் பட்டு வேட்டிக்கு முழங்கால் மடிப்பு மட்டும் இரண்டு நாள் எடுத்தது. முகங்கள் தத்ரூபம், அக்காவின் கன்னக்குழி உட்பட. எல்லாம் முடிந்ததும் கீழே பெரிய எழுத்தில், ‘உடை அலங்கார ஓவியம்: கலா’ என்று பெயரையும் போட்டுக்கொண்டேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன்.

படத்தை ஈப்போவில் இருக்கும் அச்சுக் கடைக்கு அனுப்ப வேண்டும். லைனில் சிக்னல் கிடைக்காது. பின்னால் தேயிலை மேட்டில் தண்ணீர் டேங்கி ஓரமாக ஒரே ஓரிடத்தில் இரண்டு கோடு வரும். டேப்லெட்டோடு ஏறினேன். அனுப்புவதற்குள் அக்கா போன் செய்தாள்.

"ஏய், எனக்கு ஒட்டியாணம் போட்டியா? அம்மாவோட ஒட்டியாணம்டி. அது இல்லன்னா அம்மா முகம் வாடிடும்."

போடவில்லை. உடனே அங்கேயே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். இடுப்பு எங்கே வருகிறது என்று பார்க்கத் துணி லேயரை மறைத்தேன். சாம்பல் உடம்பின் இடுப்பு வளைவுக்குச் சரியாக, நகை லேயரில், அழகான ஒட்டியாணம் ஒன்றைப் போட்டேன். அவ்வளவு அழகாக வந்தது, எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையோடு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். துணியை மறுபடி காட்ட வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து அச்சுக்கடைத் தவுக்கேயிடமிருந்து, அதாவது முதலாளியிடமிருந்து, ஒரு படத்தோடு செய்தி வந்தது. படம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே மலாயில், "மிஸ், இனி பெத்துல் கா?" என்று கேட்டிருந்தார். இது சரியாகத்தான் இருக்கிறதா என்கிறார் அந்த நல்ல மனிதர். நான், "பெத்துல்! நூறு சதவீதம்!" என்று பதில் போட்டேன். சற்று நேரம் கழித்து, "கன்ஃபர்ம்?" என்றார். கட்டை விரலை அனுப்பினேன். கலைஞர்களைச் சந்தேகப்படுவதே இந்த வியாபாரிகளுக்கு வேலை என்று நினைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினேன்.

கல்யாணத்தன்று காலையில்தான் பேனர் வந்தது. கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன மாமா, திரும்பும் லோரியில் காலிக் கூடைகளோடு அதையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுருட்டிக் கட்டியிருந்த பேனரில் முட்டைக்கோஸ் வாடை. தாலி கட்டுவது கீழே தோட்டத்துக் கோயிலில், சாப்பாடும் வரவேற்பும் மேலே மண்டபத்தில். எல்லோரும் கோயிலுக்கு இறங்கிவிட்டார்கள். பேனரைக் கட்டிவிட்டு ஓடி வந்துவிடுகிறோம் என்று நானும் மாமாவும் மட்டும் மண்டப வாசலில் நின்றோம்.

மாமா ஏணியில் ஏறி, மேல் முனைகளை இழுத்துக் கட்டினார். லோரியில் கயிறு கட்டுகிறவர், அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியாது. பிறகு பேனாக்கத்தியால் சுருளின் நாடாவை அறுத்தார். பேனர் சரசரவென்று விரிந்து இறங்கியது.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னக்குழி இருந்தது. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, வளையல், கொலுசு எல்லாம் இருந்தன. ஒட்டியாணம் ஜொலித்தது. தினேஷ் மாமா தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், மாலை சகிதம் கம்பீரமாக நின்றார். இவை தவிர இருவர் மேலும் ஒரு பொட்டுத் துணி இல்லை. கழுத்துக்குக் கீழே சாம்பல் நிற உடம்பும் மூட்டுக்கு மூட்டு வட்டமும்தான். எல்லாவற்றுக்கும் கீழே தங்க எழுத்தில்: ‘உடை அலங்கார ஓவியம்: கலா’.

மாமா ஏணியிலிருந்து கழுத்தை வளைத்துப் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கலா... இது மாடர்ன் ஆர்ட்டா லா?"

தவுக்கே ஏன் இரண்டு முறை கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"அறுத்து இறக்கிடவா, பிள்ள? பேனர் வரலன்னு சொல்லிக்கலாம்."

"வேணாம் மாமா! அப்பா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. பேனர் இல்லன்னா திங்கக்கிழமை நான் கிராணி!"

"இதோட இருந்தா மட்டும்?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. பொம்மைகள் ஆள் உயரம். ஆள் உயரத்துக்குத் துணி என்ன, உலகத்தில் இல்லாத பொருளா? மண்டபத்துக்குள் ஓடினேன். எல்லோரும் நல்ல துணியையெல்லாம் உடுத்திக்கொண்டு கோயிலில் நின்றார்கள். மேடையில் சீர்த் தட்டுகள் மட்டும் இருந்தன. ஒன்றில் அரக்கு நிறத்தில், மயில்கழுத்துக் கரையோடு, மடிப்புக் கலையாத பட்டுச் சேலை. இன்னொன்றில் வேட்டி துண்டு. யாருக்கு, எதற்கு என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். மேடை அலங்காரத்தில் மிச்சமிருந்த ஊக்குகளும் ஒட்டு நாடாவும் கிடைத்தன.

அப்போதுதான் இன்னொரு உண்மை தெரிந்தது. சேலையை வரைய எனக்குத் தெரியும், கட்டத் தெரியாது. என்னுடையதையே காலையில் சித்திதான் கட்டிவிட்டிருந்தாள். கொசுவத்தை நான் பிடிக்கப் பிடிக்க அது வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமா ஏணியில் நின்று அக்காவின் தோளில் முந்தானையைக் குத்தினார். நான் கீழே முட்டி போட்டு இடுப்பில் செருகுகிற இடத்தைத் தேடினேன். துணி லேயரைத்தான் மறந்தேனே தவிர, ஒட்டியாணத்தைச் சரியான இடத்தில் போட்டிருந்தேன். அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் கொசுவத்தைக் குத்தினோம். வாத்தியார் சொன்னது சத்தியம், தொங்குகிற இடத்திலிருந்துதான் மடிப்பு கிளம்பியது.

பாதி கட்டியபோது கீழே கோயிலிலிருந்து கெட்டிமேளம் கேட்டது.

என் கை நின்றுவிட்டது. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் மேலே மண்டப வாசலில் முட்டி போட்டு, அவளுடைய படத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா மேலிருந்து, "அப்புறம் அழுவலாம் பிள்ள, வேட்டிய எடு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

மேளம் மேடேறி வந்தபோது வேலை முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகவே இருந்தது. வரைந்த முகம், வரைந்த நகை, நிஜப் பட்டு. முன்னால் வந்தவர்கள் "அட!" என்று நின்றார்கள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயரை வாசித்தார்.

"துணிய நிஜமாவே கட்டி விட்டிருக்கியா? இது யாரு யோசனை?"

"என்னோடதுதான் டீச்சர். புது முறை. இப்பல்லாம் வெளிநாட்டுல இப்படித்தான் செய்றாங்க." (கூசாமல் சொன்னேன்.)

டீச்சர் மெல்லத் தலையாட்டினார். நாலு பேர் கை தட்டினார்கள். அப்பாவைப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, பக்கத்தில் இருந்தவரிடம், "எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்துப் பேனருக்குச் சேலை கட்டுவேன்.

அதற்குள் பள்ளத்திலிருந்து காற்று கிளம்பியது. எங்கள் மலைக் காற்றுக்குக் கல்யாணம் கருமாதி தெரியாது. முந்தானை முதலில் உப்பியது. பட் பட்டென்று இரண்டு ஊக்கு தெறித்தன. சேலை அப்படியே மேலெழுந்து அக்காவின் முகத்தை மூடி, மூட வேண்டியதையெல்லாம் திறந்து காட்டியது. மாப்பிள்ளையின் வேட்டி அதிர்ச்சியில் தானாகவே கழன்று கீழே விழுந்தது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார்.

தினேஷ் மாமாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"அம்மா... அது நானா?"

டீச்சர் ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு முப்பது வருடத்து வகுப்பறைக் குரல் வெளியே வந்தது.

"எல்லாரும் தலையக் குனிஞ்சி, வரிசையா, உள்ள போங்க. பேசாம போகணும். ம், நடங்க."

இருநூறு பேர் தலையைக் குனிந்து வரிசையாக உள்ளே போனார்கள். மணமக்களும் போனார்கள். அக்கா மட்டும் என்னைக் கடக்கும்போது என் கையில் ஒரு கிள்ளு வைத்தாள். (அந்தத் தழும்பு போய்விட்டது. அவள் இருக்கிறது என்று சாதிக்கிறாள்.) டீச்சர் தன் தாலிக்கொடியிலிருந்து ஊக்குக் கொத்தைக் கழற்றினார். ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, சேலையை இழுத்துப் பிடித்து, தோளுக்கு மூன்று, இடுப்புக்கு நாலு என்று குத்தத் தொடங்கினார். நான் அழுதபடி நடந்ததைச் சொன்னேன். லேயர், ஒட்டியாணம், டேங்கி மேடு, கிராணி வேலை எல்லாவற்றையும்.

அவர் வாயிலிருந்து ஊக்கை எடுத்தார். "எத்தனையோ பிள்ளைங்க அவசரத்துல கேள்விய சரியா வாசிக்காம எழுதுறத பாத்திருக்கேன். தலைப்பாக கட்டிட்டு வேட்டிய மறந்த மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார். தோள் குலுங்கியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷி சிரித்துக்கொண்டிருந்தார்.

சோதனை அதோடு விட்டதா? சாப்பாட்டுக்கு முன்னால் சம்பந்தியம்மாளுக்குச் சேலை கொடுக்கிற முறை. அம்மா தட்டை எடுத்தாள். தேங்காய் இருந்தது, வெற்றிலை பாக்கு இருந்தது, நடுவில் காலி. அம்மா என்னைப் பார்த்தாள். நான் சின்ன மாமாவைப் பார்த்தேன். மாமா வாசலைப் பார்த்தார். டீச்சர் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, தட்டைத் தேங்காயோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சேலைய ஏற்கனவே பாத்துட்டேன் சம்பந்தி. நல்ல கரை. மருமக கட்டி முடிக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்."

இனியும் பறந்துவிடக்கூடாது என்று மாமாவைப் பேனர் பக்கத்தில் காவல் நிறுத்தினார்கள். வந்தவர்கள் எல்லோரும் மணமக்களோடு அந்தப் பேனர் முன்னால்தான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், எந்தப் பக்கத்திலும் சின்ன மாமா இருப்பார், மாப்பிள்ளைப் படத்தின் இடுப்பை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டு உறவினர்கள் அவரை யாரோ முக்கியமான ஆள் என்று நினைத்துப் பல நாள் விசாரித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை நான் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, ஆபீஸ் போகத் தயாராக நின்றேன். பேச்சு பேச்சுதான். அப்பா லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"கிராணி வேலைக்குப்பா."

"ஒனக்கு என்னா பைத்தியமா? மாப்பிள்ள மேல துணி இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியாத பிள்ளைய, கொழுந்து நிறுத்து எழுதற இடத்துல உக்கார வச்சா, மேனேஜர் என்னையும் சேத்துல்ல வீட்டுக்கு அனுப்புவாரு! நான் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "பொம்மைய போடு. அதான் உனக்கு லாயக்கு. நாலு பேர் கை தட்டுனாங்கல்ல, அது காத்து அடிக்கிறதுக்கு முன்னாடிதான். எண்ணிட்டேன்."

ஆறு வருடம் ஆகிறது. கதாபாத்திரங்களுக்கு உடையும் அணிகலனும் வரைவதுதான் இன்று என் தொழில், அதில் நான் கெட்டிக்காரி. டீச்சர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தச் சேலையைக் கட்டுகிறார். யாராவது கேட்டால் ஊக்குத் துளைகளைக் காட்டி, முதலில் அதைக் கட்டியது யார் என்று கதை சொல்கிறார். பேனரைச் சின்ன மாமா கோலா தெர்லாவுக்குக் கொண்டுபோய்த் தன் மிளகாய் நாற்றுக்கு மேலே கூரையாகப் போட்டிருக்கிறார், படம் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. தினேஷ் மாமா மட்டும் அந்தத் தோட்டத்துக்குள் வருவதில்லை. நான் எங்கே கிளம்பினாலும் வீட்டில் யாராவது, "எல்லா லேயரும் இருக்கா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

ஈப்போ தவுக்கேயும் மறக்கவில்லை. நான் எந்தப் படத்தை அனுப்பினாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான்: "மிஸ், பாஜு அடா?" துணி இருக்கிறதா என்கிறார். போன மாதம் ஒரு புத்தகத்துக்காக ராஜா ஒருவரை வரைந்து அனுப்பினேன். வழக்கம்போலக் கேட்டார். இத்தனை வருட அனுபவம் உள்ளவளிடம் கேட்கிற கேள்வியா என்று கோபம் வந்தது. "அடா! நூறு சதவீதம்!" என்று தட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று படத்தைத் திறந்து பார்த்தேன். பட்டு இருந்தது, கிரீடம் இருந்தது, வாளும் இடுப்பு வாரும் இருந்தன. கால் செருப்பைத்தான் காணவில்லை.